ஓட்டம் வேறு, இருப்பு வேறு: பிளவுப் பாறை கற்பிக்கும் பாடம்

பெங்களூரு லால்பாக் தோட்டத்தினுள், பழைய காவற்கோபுரம் ஒன்றைத் தாங்கி நிற்கும் பாறைக் குன்று, உலகின் மிகப் பழைய பாறைகளுள் ஒன்றாகும். இதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். வெளுப்பும் கறுப்புமான வரிகள் மாறிமாறி ஓடும் இவ்வகைப் பாறைக்கு, மைசூர் அரசின் புவியியல் துறையில் பணியாற்றிய ஸ்மீத் என்பவர் 1916ஆம் ஆண்டில் 'தீபகற்ப நைஸ்' என்னும் பெயரைச் சூட்டினார். இக்குன்றை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் பாறையின் வயதைச் சொல்வதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். ஆனால், நகரத்தின் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் செய்தி அப்பாறையின் வயதில் இல்லை. அதன் வெடிப்புகளில் உள்ளது.

மழை பெய்து ஓய்ந்தபின் அக்குன்றின் மீது ஏறிப் பார்த்தால் இது விளங்கும். பாறையின் பள்ளங்களில் நீர் தேங்கி நின்று வெயிலில் ஆவியாகிவிடும், பாறைக்குள் இறங்காது. வெடிப்பு ஓடும் இடங்களில் மட்டும் நீர் உள்ளே செல்கிறது. புல்லும் பூண்டும் அவ்வெடிப்புகளைப் பற்றியே வளர்கின்றன. பெங்களூரு நகரமும், அதனைச் சுற்றியுள்ள கோலார், சிக்கபள்ளாப்பூர், ராமநகரம் முதலிய பகுதிகளும் இத்தகைய நைஸ், கிரானைட் பாறைகளின் மீதே அமைந்துள்ளன. அங்குத் துளைக்கப்படும் ஒவ்வோர் ஆழ்துளைக் கிணறும் இத்தகைய வெடிப்பு ஒன்றைத் தேடிச் செல்லும் முயற்சியே ஆகும்.

இம்முயற்சி இன்று அளவின்றியும் கணக்கின்றியும் நடைபெறுகிறது. பிளவுப் பாறையில் ஒரு துளை முதல் நாள் தரும் நீரின் வேகத்தைக் கொண்டு அப்பாறையின் இருப்பை மதிப்பிடுவதே இதன் அடிப்படைப் பிழை. எண்ணெய் எடுக்கும் துறையினர் இதே பிழையைச் செய்து, பெரும் பொருளை இழந்து, பின்னர் திருத்திக்கொண்டனர். அவர்கள் கற்ற பாடத்தை நீர்த் துறையிலும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டிய காலம் வந்துவிட்டது.

நகரமும் நீரும்

பெங்களூரு கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முதுகின் மீது அமைந்த நகரம். வற்றாத ஆறு எதுவும் அதனூடே ஓடவில்லை. முன்னோர் ஏரிகளையும் திறந்த கிணறுகளையும் நம்பி வாழ்ந்தனர். 1890களில் ஹெசரகட்டா ஏரியிலிருந்தும், 1933 முதல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்திலிருந்தும் குழாய் நீர் வந்தது. 1974இல் காவிரி நீர் வந்து சேர்ந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மூன்று நிலையங்களில் இறைத்து ஏற்றப்பட்டே அது நகரை அடைகிறது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் நீரைக் கூடுதலாகக் கொண்டுவரும் வகையில் அமைக்கப்பட்டது. நகரத்தோடு புதிதாக இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்கு நீர் வழங்குவது அதன் முக்கிய நோக்கம்.

எனினும், குழாய் எட்டாத புறநகர்களும், குழாயில் வரும் நீர் போதாத குடியிருப்புகளும் பாறையையே நம்பியுள்ளன. 2023இல் பருவமழை பொய்த்ததைத் தொடர்ந்து, 2024 மார்ச் மாதத்தில் நிலைமை முற்றியது. நகரில் பொது வழங்கலுக்காக அமைந்த சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக மாநில அரசு அப்போது தெரிவித்தது. தனியார் கிணறுகள் இக்கணக்கில் அடங்கா. லாரித் தண்ணீருக்கு அரசு விலை நிர்ணயம் செய்ய வேண்டியதாயிற்று.

இவ்வளவு கிணறுகள் ஒரே கோடையில் வற்றியதற்கு மழைக் குறைவு மட்டுமே காரணம் என்று கூறி அமைந்துவிடலாகாது. ஒரு பருவம் பொய்த்தவுடன் பாதி கிணறுகள் ஓய்ந்துவிடுகின்றன என்றால், அக்கிணறுகள் எந்த இருப்பைச் சார்ந்திருந்தன என்னும் வினா எழுகிறது. அதற்கு விடை காண, பாறைப் பிளவில் நீர் எவ்வாறு ஓடுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பிளவின் இயல்பு

ஆற்று மணலில் நீர் மணற்பருக்கைகளுக்கு இடையே எங்கும் பரவி நிற்கும். எங்குத் தோண்டினாலும் ஊறும். படிகப் பாறையில் அவ்வாறன்று. பாறைக் கட்டியினுள் நுண்துளைகள் அநேகமாக இல்லை. பிளவுகள் மட்டுமே நீருக்கு இடம் தருகின்றன. இரண்டு வழவழப்பான தளங்களுக்கு இடையே உள்ள ஒரு பிளவில் ஓடும் நீரின் அளவு, பிளவின் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கு ஏற்ப அமையும். அகலம் இரு மடங்கானால் ஓட்டம் எட்டு மடங்காகும். அகலம் பத்து மடங்கானால் ஓட்டம் ஆயிரம் மடங்காகும்.

இவ்விதியின் உட்பொருள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே பிளவு, அதில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள ஆயிரம் பிளவுகள் கடத்தக்கூடிய நீரைத் தான் ஒன்றே கடத்திவிடும். ஆனால், அது தன்னுள் வைத்திருக்கும் நீரோ அத்தகைய பத்துப் பிளவுகளின் நீர் மட்டுமே. ஓட்டத்தில் ஆயிரத்திற்குச் சமம். இருப்பில் பத்திற்குச் சமம். துளையிடும் கருவி அப்பிளவைத் தொட்டவுடன் நீர் பீறிட்டு எழுகிறது. கூடியிருப்போர் மகிழ்கின்றனர். எழுந்த நீரின் வேகம் பிளவின் அகலத்தைக் காட்டியதே அன்றி, அதற்குப் பின்னால் எவ்வளவு நீர் உள்ளது என்பதைக் காட்டவில்லை.

எண்ணெய்த் துறை கற்ற பாடம்

1908ஆம் ஆண்டில் பாரசீக நாட்டின் மஸ்ஜித்-இ-சுலைமான் என்னுமிடத்தில், மத்தியக் கிழக்கின் முதல் பெரிய எண்ணெய்க் கிணறு பொங்கி எழுந்தது. அங்கு எண்ணெய் இருந்த 'அஸ்மாரி' சுண்ணாம்புப் பாறை பிளவுகள் நிறைந்தது. அத்தகைய வயல்களில் ஒரு கிணற்றில் எண்ணெய் எடுத்தால் தொலைவிலுள்ள கிணறுகளிலும் அழுத்தம் குறைவதைப் பொறியாளர்கள் கண்டனர். பிளவுகள் வயல் முழுவதையும் ஒரே பாத்திரமாக இணைத்திருந்தன. ஆதலின், கிணறு ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிடுவது பயனற்றது என்றும், வயல் முழுவதையும் ஒரே தேக்கமாகக் கொண்டு திட்டமிட வேண்டும் என்றும் உணரப்பட்டது.

அடுத்து எழுந்த வினா, எண்ணெய் பிளவில் உள்ளதா, பாறைக் கட்டியில் உள்ளதா என்பது. 1960இல் சோவியத் அறிஞர்களான பாரன்பிளாட், ஷெல்தோவ், கோச்சினா ஆகிய மூவரும் ஒரு கருத்தை வெளியிட்டனர். பிளவுப் பாறையை, ஒன்றோடொன்று கலந்து நிற்கும் இரண்டு தேக்கங்களாகக் கருத வேண்டும் என்பது அது. பிளவுகளால் ஆன தேக்கம் விரைந்து கடத்தும், சிறிதே வைத்திருக்கும். கட்டிகளால் ஆன தேக்கம் மிகுதியாக வைத்திருக்கும், மெதுவாகவே கொடுக்கும். 1963இல் அமெரிக்கப் பொறியாளர்களான வாரன், ரூட் இருவரும் இக்கருத்தைக் கிணற்றுச் சோதனைக்கு உகந்த கணித வடிவில் அமைத்தனர். அடுக்கி வைத்த சர்க்கரைக் கட்டிகளை ஒத்த அவர்களது மாதிரியில், கட்டிகள் இருப்பாகவும், கட்டிகளுக்கு இடையிலுள்ள இடுக்குகள் ஓடுபாதையாகவும் அமைந்தன.

பிளவுத் தேக்கங்கள் அனைத்தும் ஒரே வகையின அல்ல. இருப்பும் ஓட்டமும் பிளவிலேயே அமைந்தவை ஒரு வகை. இருப்பு கட்டியிலும் ஓட்டம் பிளவிலும் அமைந்தவை மற்றொரு வகை. கட்டியே போதிய அளவு வைத்தும் கடத்தியும் வர, பிளவு துணை மட்டும் செய்பவை மூன்றாம் வகை. முதல் வகைக் கிணறுகள் தொடக்கத்தில் வியப்பூட்டும் வேகத்தில் பாய்ந்து, பின்னர் விரைவில் தளர்ந்துவிடுவது பொது இயல்பு. வியட்நாமின் 'வெள்ளைப் புலி' எண்ணெய் வயலில் 1988 முதல் பிளவுபட்ட கிரானைட் பாறையிலிருந்தே பெருமளவு எண்ணெய் எடுக்கப்பட்டு வருகிறது. அங்குப் பிளவுபட்ட பாறையின் தடிப்பு மிகப் பெரியது. எடுக்கப்பட்ட எண்ணெய்க்கு ஈடாக நீரை உட்செலுத்தி அழுத்தத்தைப் பேணவும் செய்தனர். தமிழகத்திலும் காவிரிப் படுகையின் மாதானம் பகுதியில் படிவுகளுக்குக் கீழேயுள்ள அடித்தளப் படிகப் பாறையின் பிளவுகளில் எண்ணெய் கண்டறியப்பட்டுள்ளது. மாதானத்தின் அடித்தளப் பாறையும் லால்பாக் குன்றும் ஒன்றுக்கொன்று அயலானவை அல்ல. இரண்டும் தென்னிந்தியாவின் பழம்பாறைக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

பெங்களூருவின் பாறை எவ்வகை?

பெங்களூருவின் நிலத்தடியை மேலிருந்து கீழாக மூன்று அடுக்குகளாகப் பிரிக்கலாம். மேலே மண். அதன் கீழ், காலப்போக்கில் மழைநீரால் மக்கி உதிர்ந்த சிதைவுப் பாறை. இது இடத்திற்கு இடம் சில மீட்டர் முதல் சில பதின் மீட்டர் வரை தடிப்புள்ளது. அதற்கும் கீழே, ஆங்காங்கே பிளவுகள் ஓடும் கெட்டிப் பாறை.

இருப்பு எங்கே உள்ளது? நிலத்தடி நீர் மதிப்பீட்டிற்கென மத்திய அரசு அமைத்த குழு வகுத்த நெறிமுறை இதற்கு விடை தருகிறது. களிமண் குறைந்த சிதைவுப் பாறையில் நூறு கனமீட்டருக்கு மூன்று கனமீட்டர் நீர் வடியும் என்றும், பிளவு குறைந்த கெட்டிப் பாறையில் நூறு கனமீட்டருக்கு 0.3 கனமீட்டரே வடியும் என்றும் அது கொள்கிறது. அதாவது, பத்து மீட்டர் சிதைவுப் பாறை வைத்திருக்கும் நீரைப் பெற நூறு மீட்டர் கெட்டிப் பாறை வேண்டும்.

ஆகவே, பெங்களூருவில் சர்க்கரைக் கட்டியின் இடத்தைச் சிதைவுப் பாறையே வகிக்கிறது. மேலேயுள்ள அவ்வடுக்கு மழையை வாங்கி வைத்திருந்து, கீழேயுள்ள பிளவுகளுக்குச் சிறிது சிறிதாக வழங்குகிறது. அவ்வடுக்கு நிறைந்திருக்கும்வரை, பாறை இருப்பும் ஓட்டமும் தனித்தனியே அமைந்த இரண்டாம் வகையைப் போல நடந்துகொள்ளும். அது வறண்டுவிட்டால், எஞ்சியிருப்பது பிளவும் பிளவிலுள்ள சிறிதளவு நீருமே. அப்போது பாறை முதல் வகையாக மாறிவிடுகிறது. ஒரே பாறை, நீர்மட்டம் தாழ்ந்ததனாலேயே வேறொரு தேக்கமாகிவிடும் இம்மாற்றம்தான் 2024இல் பலருக்கும் விளங்காது போன புதிரின் விடை எனலாம்.

ஆழமாகச் செல்வது இதற்கு மருந்தாகுமா? ஆழம் கூடக் கூட மேலேயுள்ள பாறையின் பாரம் பிளவுகளை நெருக்குகிறது, அகலம் சுருங்குகிறது. மும்மடி விதிப்படி, அகலத்தில் ஏற்படும் சிறு சுருக்கமும் ஓட்டத்தைப் பெரிதும் குறைத்துவிடும். படிகப் பாறைக் கிணறுகளுக்கு உகந்த ஆழம் எது என்பதை 1964இல் ஆராய்ந்த டேவிஸ், டர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், ஓர் அடிக்குக் கிடைக்கும் நீர் ஆழத்தோடு விரைந்து குறைவதை எடுத்துக்காட்டினர். இருந்தும் பெங்களூருவின் புறநகர்களிலும் கோலாரிலும் துளைகள் 1,000 அடியைத் தாண்டிச் செல்கின்றன. துளையிடும் கூலி அடிக்கணக்கில் அமைகிறது. ஆழம் கூடினால் அடியின் விலையும் கூடுகிறது. சில இடங்களில் 1,000 அடிக்குக் கீழும் நீர் கிடைப்பது உண்மையே. ஆனால், அது நெடுங்காலம் பாறையோடு உறைந்திருந்த நீர். அதன் மறுநிறைவு மிக மெதுவானது. கோலார், சிக்கபள்ளாப்பூர் பகுதிகளின் ஆழ்கிணறுகள் சிலவற்றில் புளூரைடு மிகுந்திருப்பதற்கும் இந்நெடிய உறைவே ஒரு காரணம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளூரைடு இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

'இரண்டு அங்குலத் தண்ணீர்'

தமிழ்நாட்டின் திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் துளையிடும் வண்டிகள் கர்நாடகம் உட்பட நாட்டின் பல பகுதிகளிலும் வேலை செய்கின்றன. துளை முடிந்ததும், காற்றழுத்தத்தால் மேலே தள்ளப்படும் நீரைக் கோண வடிவ வெட்டுள்ள தகட்டின் வழியே ஓடவிட்டு, நீரின் உயரத்தை அளந்து, 'ஒரு இஞ்ச் தண்ணீர்', 'இரண்டு இஞ்ச் தண்ணீர்' என்று சொல்வது வழக்கம். வீட்டுக்காரரும் விவசாயியும் அந்த ஒரு சொல்லை நம்பியே மோட்டாரையும் குழாயையும் வாங்குகின்றனர்.

முதலாவதாக, இவ்வளவையின் பொருளே பலருக்குத் தெரிவதில்லை. செங்கோண வெட்டில் ஓட்டம், உயரத்தின் இரண்டரை மடிப் பெருக்கத்திற்கு ஏற்ப அமைவது. ஓர் அங்குலம் என்பது மணிக்கு ஏறத்தாழ 500 லிட்டர். இரண்டு அங்குலம் என்பது சுமார் 2,900 லிட்டர். இரண்டாவது அங்குலம் முதலாவதைப் போல் ஒரு மடங்கைச் சேர்ப்பதில்லை. மொத்தத்தை ஐந்தரை மடங்குக்கு மேல் உயர்த்திவிடுகிறது. கால் அங்குலத் தவறும் பெருந்தவறாக முடியும்.

இரண்டாவதாக, அந்நீர் எத்தனை நாள் வரும் என்னும் கேள்வி கேட்கப்படுவதேயில்லை. ஓர் ஏக்கர் நிலத்தில் இரண்டு அங்குலத் தண்ணீர் கிடைத்து, நாள்தோறும் பத்து மணி நேரம் இறைக்கப்படுவதாகக் கொள்க. நாளொன்றுக்கு 29,000 லிட்டர் வெளியேறும். அந்த ஏக்கரின் அடியில் நீர் நிறைந்த சிதைவுப் பாறை பத்து மீட்டர் தடிப்பில் இருந்தால், மேற்கூறிய நெறிமுறைப்படி அதில் வடியக்கூடிய நீர் சுமார் 12 லட்சம் லிட்டர். அது 42 நாட்களுக்குப் போதும். சிதைவுப் பாறை வறண்டு, பத்து மீட்டர் கெட்டிப் பாறை மட்டுமே எஞ்சியிருந்தால் இருப்பு 1.2 லட்சம் லிட்டர். அது நான்கே நாட்களில் தீர்ந்துவிடும்.

மழையின் பக்கத்தையும் பார்க்கலாம். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கரில் விழுவது 36 லட்சம் லிட்டர். இத்தகைய பாறைப் பகுதிகளில் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே நிலத்தடியைச் சேரும். அது 3.6 லட்சம் லிட்டர். மேற்கண்ட கிணற்றின் பன்னிரண்டு நாள் இறைப்புக்குச் சமம். எஞ்சிய 353 நாட்களின் நீர் எங்கிருந்து வருகிறது? அண்டை நிலங்களின் அடியிலிருந்தும், முந்தைய ஆண்டுகளின் இருப்பிலிருந்தும் வருகிறது. பாரசீகத்தில் கண்டதைப் போலவே, பிளவுகள் பக்கத்துக் கிணறுகளையும் ஒரே பாத்திரமாக்கிவிடுகின்றன. மண்ணின் மேல் கட்டடமும் தாரும் போர்த்தப்பட்ட நகரத்தில் அந்தப் பன்னிரண்டு நாளும் சுருங்கிவிடுகிறது.

சோதனையும் மாதிரியும்

இதற்கு மாற்று வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றன்று. எண்ணெய்த் துறையில் கிணற்றுச் சோதனை செய்யாமல் இருப்பை அறிவிப்பதில்லை. நீர்க் கிணற்றிலும் அதுவே வேண்டும். குறைந்தது 24 மணி நேரம் ஒரே அளவில் இறைத்து, நீர்மட்டம் தாழ்வதை முதலில் நிமிடக் கணக்கிலும் பின்னர் மணிக் கணக்கிலும் குறித்து, நேரத்தை மடக்கை அளவில் காட்டும் வரைதாளில் பதிய வேண்டும். தொடக்கத்தில் தாழ்வது பிளவின் நீர். பின்னர் கோடு சற்றுச் சமனானால், கட்டியோ சிதைவுப் பாறையோ ஊட்டத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். மாறாக, கோடு திடீரெனச் செங்குத்தாகச் சரிந்தால், பிளவு ஓர் எல்லையில் முடிந்துவிட்டது அல்லது வெறுமையாகிவிட்டது என்று பொருள். இறைப்பை நிறுத்தியபின் மட்டம் மீள்வதையும் அளக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் பழைய மட்டத்திற்கு அது வராவிடில், எடுக்கப்பட்டது வருவாய் அன்று, முதல். ஒரு மணி நேரச் சோதனை இவற்றுள் எதையும் காட்டாது. பிளவின் நீரை மட்டுமே காட்டி ஏமாற்றும்.

சிக்கனம் கருதி இச்சோதனையைத் தவிர்ப்போர் உண்டு. ஆனால், ஓர் இரவும் பகலும் இறைக்கும் செலவு, வற்றிப்போகும் இரண்டாம் துளையின் செலவோடு ஒப்பிட மிகச் சிறியது. கடன் வாங்கித் துளையிடும் சிறு விவசாயிக்கு இவ்வேறுபாடு குடும்பத்தின் நிலையையே மாற்றிவிடும்.

கணினி மாதிரிகளைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. பிளவுப் பாறையைப் பல வழிகளில் மாதிரியாக்கலாம். எல்லாப் பிளவுகளையும் சராசரியாக்கி ஒரே ஊடகமாகக் கொள்வது ஒரு வழி. இரட்டைத் தேக்கமாகக் கொள்வது இன்னொரு வழி. பிளவு ஒவ்வொன்றின் திசை, நீளம், அகலம் ஆகியவற்றைக் கொண்டு வலைப்பின்னலாக வரைவது மூன்றாம் வழி. ஒரு வட்டாரத்தின் ஆண்டுக் கணக்கிற்கு முதல் வழி பயன்படும். ஒரு தெருவின் கிணறுகளுக்குப் பயன்படாது. 2012இல் தொடங்கப்பட்ட தேசிய நீர்தாங்கி வரைபடத் திட்டத்தின் கீழ், மத்திய நிலத்தடி நீர் வாரியம் நீர்தாங்கிகளை வரைந்துள்ளது. முன்னோடி ஆய்வு நடந்த இடங்களுள் தும்கூர் மாவட்டமும் ஒன்று. அங்கு ஹெலிகாப்டரிலிருந்து மின்காந்த அளவீடுகளும் செய்யப்பட்டன. இவை பாராட்டத்தக்க பணிகளே. ஆயினும், வானத்திலிருந்து பாறையின் தடிப்பை அறியலாமே தவிர, குறிப்பிட்ட பிளவு நீர் கடத்துமா என்பதைத் துளையிலேதான் அறிய இயலும். ஆயிரக்கணக்கான துளைகள் ஆண்டுதோறும் இடப்படுகின்றன. அவை ஒவ்வொன்றும், எவரும் கேளாமலே, பாறையைப் பற்றிய ஒரு சான்றை வெளிக்கொணர்கின்றன. அச்சான்று பதியப்படாமல் துளையிடும் வண்டியோடு போய்விடுவதே பெரிய இழப்பு. கர்நாடகத்தின் 2011ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் துளையிட அனுமதி பெற வேண்டும் என்கிறது. அனுமதியோடு கூடவே, துளையின் பதிவேட்டையும் சோதனை முடிவையும் ஒப்படைப்பது கட்டாயமாகவும், அவை பொதுமக்கள் காணத்தக்கனவாகவும் ஆக்கப்பட வேண்டும்.

திருப்பித் தருதல்

வெள்ளைப் புலி வயலில் எடுத்ததற்கு ஈடாக நீர் செலுத்தப்பட்டது. பெங்களூருவில் 2009 முதல் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆனால், மழைநீரை ஆழ்துளையினுள் நேரே விடுவதைவிட, இருப்பு அமையும் சிதைவுப் பாறைக்குள் இறங்கச் செய்வதே பாறையின் இயல்புக்கு ஏற்றது. இருபது, முப்பது அடி ஆழமுள்ள உறை கிணறுகள் இதற்கு உகந்தவை. இக்கிணறுகளைத் தோண்டுவதில் மண்ணு வட்டர் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். கப்பன் பூங்காவில் பழைய கிணறுகள் தூர் வாரப்பட்டு மீண்டும் நீர் கண்டதில் அவர்களது உழைப்பு அடங்கியுள்ளது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிளவு விரைந்து கடத்தும். ஆனால் மணலைப் போல வடிகட்டாது. கழிவுநீர் ஒரு பிளவில் இறங்கினால் தொலைவிலுள்ள கிணற்றை எளிதில் அடைந்துவிடும். நகரின் மேல்மட்டக் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் மிகுந்திருப்பது இதனாலேயே. 2018 முதல் நகரின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. வறண்ட ஏரிகள் நிரம்பியதும், கிணறுகளின் மட்டம் உயர்ந்ததும் நன்மையே. எனினும், சுத்திகரிப்பு எந்நிலை வரை செய்யப்பட வேண்டும் என்று அம்மாவட்ட மக்கள் எழுப்பிய வினா, பிளவுப் பாறையின் இயல்பை அறிந்தோர் புறக்கணிக்கக்கூடியதன்று. அளவைப் பெருக்கும் ஆர்வம் தூய்மையை விழுங்கிவிடலாகாது.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கன

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை தன் கண்காணிப்புக் கிணறுகளில் மட்டத்தை அளக்கிறது. பிளவுப் பாறையில் ஒரு கிணற்றின் மட்டம் அடுத்த தெருவுக்குப் பொருந்தாது போகலாம். ஆதலின் கண்கள் பல வேண்டும். பள்ளி வளாகத்தில் பயனின்றிக் கிடக்கும் துளை ஒன்றைப் பாதுகாப்பான பூட்டு மூடியோடு கண்காணிப்புக் கிணறாக மாற்றலாம். திறந்து கிடக்கும் துளைகளில் குழந்தைகள் விழுந்து உயிரிழந்த துயரங்கள் நாடறிந்தவை. மூடியிட்டுப் பயன்படுத்துவது அவ்வகையிலும் நன்று. நீரைத் தொட்டவுடன் ஒலி எழுப்பும் அளவு நாடாவைக் கொண்டு, மாதம் ஒரு முறை ஆசிரியர் முன்னிலையில் மாணவர்கள் மட்டத்தை அளந்து சுவரில் வரைந்து வரலாம். அருகில் ஒரு மழைமானி இருந்தால், மழைக்கும் மட்டத்திற்கும் இடையிலுள்ள தாமதத்தை அவர்களே காண்பர். இரட்டைத் தேக்கம் என்னும் கருத்து அப்போது ஏட்டுச் சொல்லாக நில்லாது.

களப்பணியாளர் தம் எல்லையில் இடப்படும் துளை ஒவ்வொன்றிலும் ஐந்து செய்திகளைக் குறித்தல் வேண்டும்: சிதைவுப் பாறையின் தடிப்பு, இரும்புக் குழாய் இறக்கிய ஆழம், நீர் தட்டிய ஆழங்கள், 24 மணி நேரச் சோதனையின் அளவுகள், மட்டம் மீண்ட நேரம். வற்றிய துளையின் பதிவு நீர் கண்ட துளையின் பதிவைவிடக் குறைந்த மதிப்புடையதன்று. பிளவு இல்லாத இடத்தைக் காட்டுவதும் அறிவே.

'இரண்டு அங்குலம்' என்று சொல்லக் கேட்டவர் 'எத்தனை நாளைக்கு?' என்று திரும்பக் கேட்கும் பழக்கம் வேரூன்ற வேண்டும். அக்கேள்விக்கு விடை அளக்கப்படாதவரை, எந்தத் துளையையும் நம்பி வீடோ பயிரோ பள்ளியோ அமைக்கலாகாது.